உரிமம் கைக்கு வருகிறது. ஓட்டக் கற்பிப்பது யார்?

பதினெட்டு வயது நிறைவடையும் இந்தியக் குடிமக்களுக்கு அரசு இரண்டு ஆவணங்களைத் தரக் காத்திருக்கிறது. ஒன்று வாக்காளர் அடையாள அட்டை. மற்றொன்று ஓட்டுநர் உரிமம். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்த 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், இன்று நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டமும் 1988-ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. வாக்களிக்க எந்தத் தேர்வும் கிடையாது, இருக்கவும் கூடாது. வாகனம் ஓட்டுவதற்குத் தேர்வு உண்டு. ஆனால், அந்தத் தேர்வு எதைச் சோதிக்கிறது, அதற்கு முன்பு அந்த இளைஞருக்கு வாகனம் ஓட்டக் கற்பித்தது யார் என்ற கேள்விகளுக்கு 35 ஆண்டுகள் கடந்த பின்னரும் தெளிவான பதில் இல்லை.

தலைநகர் தில்லியின் துவாரகா, ரோகிணி போன்ற குடியிருப்புப் பகுதிகளின் அகன்ற சாலைகளில், போக்குவரத்து பெருகுவதற்கு முந்தைய காலை வேளையில், வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டப்பட்ட சிறிய கார்கள் ஊர்ந்து செல்வதைக் காணலாம். பிளஸ் 2 முடித்துக் கல்லூரிச் சேர்க்கைக்குக் காத்திருக்கும் மாணவ, மாணவியரே பயிற்சிப் பள்ளிகளின் கோடைக்கால வாடிக்கையாளர்கள். பத்து நாள்களில், பதினைந்து நாள்களில் கார் ஓட்டக் கற்றுத் தருவதாக அழைக்கும் விளம்பரப் பலகைகள் நகரெங்கும் தொங்குகின்றன.

முதல் நாள் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் ஆகிய மூன்றையும் இரண்டு கால்கள் ஆள வேண்டும். கிளட்ச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வண்டி குலுங்கி நின்றுவிடும். தயங்கினால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பின்னால் வரும் வாகனங்கள் அதற்குள் ஒலிப்பானை முழக்கத் தொடங்கிவிடும். பயிற்சி வாகனங்களில் பயிற்றுநரும் இயக்கும் வகையில் இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. பாதுகாப்புக்கான இந்த ஏற்பாடே, அவசரப் பயிற்சியில் கற்பதற்குத் தடையாகவும் மாறிவிடுகிறது. வண்டியை நிறுத்தியது தன் காலா, பயிற்றுநரின் காலா என்பது கடைசி நாள் வரை மாணவருக்கே தெரியாமல் போவதுண்டு.

ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் கியரை மாற்றவும் கற்ற அந்த மாணவர், கண்ணாடியில் தெரியாத பக்கவாட்டுப் பகுதியைத் தலையைத் திருப்பிப் பார்க்கக் கற்றாரா? எதிர்த்திசையில் வரும் இ-ரிக்ஷாவை, நின்றிருக்கும் பேருந்தின் முன்பக்கத்திலிருந்து திடீரெனச் சாலையைக் கடக்கும் பயணியை முன்கூட்டியே எதிர்பார்க்கக் கற்றாரா? மழையிலும் இரவிலும் வட இந்தியக் குளிர்காலத்தின் மூடுபனியிலும் வேகத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னார்களா? பெரும்பாலான இடங்களில் இதற்குக் கிடைக்கும் பதில், 'அதெல்லாம் ஓட்ட ஓட்டப் பழகிவிடும்' என்பதுதான். அந்தப் பழக்கம் பொதுச் சாலையில், பிறர் உயிரின் மீது நடத்தப்படும் பயிற்சி என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பத்து மணி நேரம்

விதிகளில் குறையில்லை என்றும் கூறிவிட முடியாது. முற்றிலும் குறைதான் என்றும் கூறிவிட முடியாது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளுக்கான விதிகளின்படி, சொந்தப் பயன்பாட்டு வாகனங்களுக்கான பயிற்சி 21 நாள்களுக்குக் குறையக் கூடாது. மாணவர் உண்மையில் வாகனம் ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. பாடத்திட்டமும் விதிகளிலேயே வகுக்கப்பட்டுள்ளது. பத்து நாள் விளம்பரங்கள் இந்த விதிகளுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதற்கு ஓர் அதிகாரி பதிவேட்டைப் புரட்டினாலே போதும்.

ஆனால், இதைவிடப் பெரிய ஓட்டை வேறோர் இடத்தில் இருக்கிறது. வாடகை, சரக்கு வாகனங்கள் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு உரிமம் கோருவோரிடம்தான் பயிற்சிப் பள்ளிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. சொந்தக் கார், மோட்டார் சைக்கிள் ஓட்ட விரும்பும் இளைஞர் எந்தப் பள்ளியிலும் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. உரிமம் பெற்ற ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அருகில் அமர்ந்து கற்றுக் கொடுத்தால் போதுமானது. எனவே, தந்தையோ அண்ணனோ மாமாவோ ஆசிரியராகிறார். அவர்களுக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்டால், அங்கும் ஒரு தந்தையோ மாமாவோ இருப்பார். சிக்னல் இல்லாத சந்திப்பில் முந்திக்கொள்வதும், நடந்து செல்வோரை ஒலிப்பானால் விரட்டுவதும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன.

பழகுநர் உரிமத்துக்கான முதல்நிலைத் தேர்வு இன்னும் எளிது. சாலைக் குறியீடுகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில்வே கடவுப் பாதையைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றைக் கேட்கச் சொல்கின்றன 1989-ஆம் ஆண்டு விதிகள். அகலப் பாதைகளில் ஆளில்லா கடவுப் பாதைகள் அனைத்தும் 2019-ஆம் ஆண்டு ஜனவரியுடன் அகற்றப்பட்டுவிட்டன. தில்லியில் 2021 ஆகஸ்ட் முதல் இத்தேர்வை வீட்டிலிருந்தபடியே, முகத்தை அடையாளம் காணும் மென்பொருளின் கண்காணிப்பில் எழுத முடிகிறது. அலுவலகத்துக்கு அலையும் தொல்லை ஒழிந்தது வரவேற்கத்தக்கதே. எனினும், பழகுநர் உரிமம் பெற்று 30 நாள்கள் கழிந்ததும் நிரந்தர உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நிலையில், அந்த 30 நாள்களில் எத்தனை மணி நேரம் ஓட்டினார், யார் அருகில் அமர்ந்திருந்தார் என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை.

இடைத்தரகரின் குறுக்குவழி

ஓட்டுநர் தேர்வு ஒரு காலத்தில் எவ்வாறு நடந்தது என்பதற்குத் தில்லியிலேயே ஓர் ஆதாரம் உண்டு. மரியான் பெர்ட்ராண்ட், சிமியோன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நான்கு பொருளியல் அறிஞர்கள் 2004-05-இல் இங்கு உரிமம் பெற முயன்ற 822 பேரைப் பின்தொடர்ந்து ஆய்வு நடத்தினர். அதன் முடிவுகள் 2007-இல் வெளியாயின. உரிமம் பெற்றவர்களில் ஏறத்தாழ 71 சதவீதம் பேர் ஓட்டுநர் தேர்வில் பங்கேற்கவே இல்லை. உரிமம் பெற்ற உடனேயே ஆய்வாளர்கள் தனியாக நடத்திய சோதனையில் 62 சதவீதம் பேர் வாகனம் ஓட்டத் தகுதியற்றவர்கள் எனத் தெரிய வந்தது. அப்போதைய அரசுக் கட்டணம் சுமார் 450 ரூபாய். சராசரியாக ஒருவர் செலவிட்டதோ சுமார் 1,120 ரூபாய். இடையிலிருந்த தொகையின் பெரும் பகுதி இடைத்தரகருக்குச் சென்றது.

அந்த ஆய்வின் முக்கியமான செய்தி லஞ்சத்தின் அளவு அன்று. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களையும் தேர்வில் காரணமின்றித் தோல்வியுறச் செய்ததால், தெரிந்தவரும் தெரியாதவரும் ஒருசேரத் தரகரிடம் போக நேர்ந்தது என்பதே ஆய்வு வெளிப்படுத்திய உண்மை. ஓட்டத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்று தரகர்கள் பார்க்கவில்லை. இத்தகைய முறையில் ஓர் இளைஞர் கற்றுக்கொள்ளும் முதல் பாடம், நன்றாகக் கற்பதால் எந்தப் பயனும் இல்லை என்பதுதான். சட்டத்தின் மீது அவருக்கு ஏற்படும் முதல் அவநம்பிக்கையும் அங்குதான் பிறக்கிறது.

நிலைமை அப்படியே நின்றுவிடவில்லை. தில்லியின் முதல் தானியங்கி ஓட்டுநர் தேர்வுத் தடம் சராய் காலே கானில் 2018-இல் அமைந்தது. எட்டு வடிவப் பாதை, பின்னோக்கிய வளைவு, மேடு, சந்திப்பு என ஒவ்வொன்றிலும் கேமராக்களும் உணர்விகளும் மதிப்பெண் இடுகின்றன. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைந்திருக்கிறது. ஆனால், அங்கும் சோதிக்கப்படுவது வண்டியைத் திருப்பும் திறமையே. வேறு வாகனமோ, நடந்து செல்பவரோ இல்லாத தடத்தில் ஒருவரின் நிதானத்தையோ பொறுப்பையோ இயந்திரத்தால் அளக்க இயலாது. நாட்டில் உள்ள உரிமங்களில் சுமார் 30 சதவீதம் போலி என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே பலமுறை கூறியிருப்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

பதினாறும் பதினேழும்

பதினெட்டு வயதுக்கு முன்பே வண்டி ஓட்டத் தொடங்கிவிடுபவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, 50 சிசி-க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட இருசக்கர வாகனத்தை 16 வயது நிறைவடைந்தவர்கள் ஓட்ட அனுமதிக்கிறது. மொபெட்டுகள் தெருவெங்கும் ஓடிய காலத்தில் இதற்குப் பொருள் இருந்தது. இன்று சாலையில் காணப்படும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசி-க்கு மேற்பட்டவை. டியூஷனுக்கு ஸ்கூட்டரில் செல்லும் 16 வயதுச் சிறுமி, தன் வீட்டார் அறிந்தே சட்டத்தை மீறுகிறாள். மறுபுறம், 250 வாட்டுக்கும் 25 கிலோ மீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்சார ஸ்கூட்டர்கள் சட்டப்படி மோட்டார் வாகனங்களே அல்ல. அவற்றுக்கு உரிமமும் தேவையில்லை. ஆக, சட்டம் அனுமதிக்கும் ஒரு வாகனம் சந்தையில் அரிது; மற்றொன்றுக்குப் பயிற்சியே வேண்டியதில்லை.

இந்த இடைவெளியைத் தண்டனையால் நிரப்ப முயன்றது 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். அதில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வாகனத்தின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறார் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோர் மீதே சுமத்தப்பட்டது.

கடுமையான சட்டம்தான். ஆனால், அது யாரிடம் கடுமை காட்டுகிறது என்ற கேள்வியை இரண்டு வழக்குகள் எழுப்பின. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் தில்லி சிவில் லைன்ஸ் பகுதியில் சாலையைக் கடந்த 32 வயது இளைஞர் மீது சொகுசுக் கார் மோதியதில் அவர் உயிரிழந்தார். காரை ஓட்டியவருக்குப் பதினெட்டு வயது நிறையச் சில நாள்களே இருந்தன. அவரை வயது வந்தவராகக் கருதி விசாரிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டு எனச் சட்டம் வரையறுத்த குற்றங்களே 'கொடிய குற்றங்கள்' என்பதால், இவ்வழக்கு அந்த வரம்புக்குள் வராது என 2020 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2024 மே மாதம் புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் போர்ஷே கார் மோதி, இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் உயிரிழந்தனர். சாலைப் பாதுகாப்பு குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளுடன் சிறார் நீதி வாரியம் சில மணி நேரங்களில் ஜாமீன் வழங்கியது நாடெங்கும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. ரத்த மாதிரியை மாற்றியதாக எழுந்த குற்றச்சாட்டில் அரசு மருத்துவமனை மருத்துவர்கள் இருவரும் சிறுவனின் பெற்றோரும் கைது செய்யப்பட்டனர்.

சிறாரைச் சிறாராகவே நடத்த வேண்டும் என்ற சட்டத்தின் கொள்கை சரியானது. மக்களின் கோபத்துக்காக அதைக் கைவிட முடியாது. ஆனால், அந்தப் பரிவு செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு விரைந்தும், ஏனையோருக்குத் தாமதித்தும் கிடைக்கிறது என்ற எண்ணம் பரவுவது ஆபத்தானது. அதைவிட முக்கியமானது, இவ்விரு வழக்குகளைச் சுற்றியும் நடந்த விவாதம் முழுவதும் தண்டனையைப் பற்றியதாகவே இருந்தது என்பதாகும். அந்த இளைஞர்களின் கையில் சாவி எப்படி வந்தது என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் வயதுடைய கோடிக்கணக்கானோருக்கு ஓட்டக் கற்பிக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டவர்கள் அரிது.

சாலையில் இறப்பவர்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 9,528 பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். இறந்தோரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள். அதாவது, ஒவ்வொரு மூன்று மரணங்களில் ஏறத்தாழ இரண்டு, காருக்கு வெளியே இருப்பவர்களின் மரணம். கற்காத ஓட்டுநரின் தவறுக்கு விலை கொடுப்பவர் பல நேரங்களில் அந்த ஓட்டுநர் அல்லர். சைக்கிளில் வேலைக்குச் செல்லும் தொழிலாளியும், பள்ளி விட்டு நடந்து வரும் குழந்தையுமே.

புதிதாக உரிமம் பெற்ற ஒருவர் தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே மிகுந்த ஆபத்து நிறைந்தவை. இரவு நேரமும் உடன் வரும் நண்பர் கூட்டமும் அந்த ஆபத்தைக் கூட்டும். இது உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. ஆனால், இந்தியாவில் 18 வயதில் காலையில் உரிமம் பெறும் ஒருவர், அன்று இரவே நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு 165 கிலோ மீட்டர் நீள யமுனை விரைவுச் சாலையில் மூடுபனிக்கு நடுவே ஆக்ராவுக்குப் புறப்படலாம். சட்டம் தடுக்காது.

பிற நாடுகள் இந்தப் பருவத்தைப் படிப்படியாகக் கடக்கச் செய்கின்றன. நியூசிலாந்து 1987-இலேயே படிநிலை உரிம முறையைக் கொண்டு வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்கு உட்பட்டவர்கள் உரிமத் தேர்வுக்கு முன்பு, அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு 120 மணி நேரம் ஓட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும். அதில் இரவு நேரமும் அடங்கும். ஜெர்மனியில் 2011 முதல் நாடு முழுவதும் 17 வயதினர், பெயர் குறிப்பிடப்பட்ட பெரியவர் ஒருவர் உடனிருக்க ஓட்டலாம். இங்கு பள்ளியில் சேர்ந்தால் 10 மணி நேரம். சேராவிட்டால் கணக்கே இல்லை.

இந்தியாவால் இயலாது என்று சொல்வதற்கில்லை. 2008-இல் தில்லியில் தொடங்கப்பட்ட ஆசாத் அறக்கட்டளை, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களுக்கு ஓட்டுநர் தொழிலுக்கான பயிற்சி அளித்து வருகிறது. பல மாதங்கள் நீளும் அப்பயிற்சியில் வாகனம் ஓட்டுவதுடன் சட்ட உரிமைகளும் தற்காப்பும் கற்பிக்கப்படுகின்றன. வீட்டில் காரே இல்லாத பெண்களைத் தொழில்முறை ஓட்டுநர்களாக்க முடிகிறது என்றால், வீட்டில் கார் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கற்பிக்க முடியாது என்பதை எப்படி ஏற்க இயலும்?

மையங்களும் மாநிலங்களும்

மத்திய அரசு 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகளை நடைமுறைப்படுத்தியது. இலகு ரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பயிற்சி, செயற்கை ஓட்டப் பயிற்சிக் கருவி, தனித் தேர்வுத் தடம் என இவ்விதிகள் பழைய முறையைவிடப் பல படி மேலானவை. ஆனால், சமவெளிப் பகுதியில் இரண்டு ஏக்கர் நிலம் வேண்டும் என்ற நிபந்தனையைத் தில்லி போன்ற மாநகரில் எத்தனை பேரால் நிறைவேற்ற முடியும்? இம்மையங்களில் தேறியவர்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. கற்பிப்பவரே தேர்வாளராகவும் இருந்து, கட்டணமும் வாங்கும்போது, பழைய தரகர் புதிய சீருடையில் நுழைந்துவிடாமல் காப்பது யார் என்ற ஐயம் நியாயமானதே.

இயந்திர வாகனங்கள் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருப்பவை. சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றினாலும், உரிமம் வழங்குவதும் பயிற்சிப் பள்ளிகளைக் கண்காணிப்பதும் மாநில அரசுகளே. 2019-இல் அபராதம் உயர்த்தப்பட்டபோது அதைக் குறைப்பதில் குஜராத் உள்ளிட்ட சில மாநிலங்கள் காட்டிய வேகத்தைப் பயிற்சியின் தரத்தை உயர்த்துவதில் எந்த மாநிலமும் காட்டவில்லை.

நீதிமன்றமும் இதில் தலையிட்டிருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. பள்ளிப் பாடத்திட்டத்தில் சாலைப் பாதுகாப்புக் கல்வி இடம்பெற வேண்டும் என அதே வழக்கில் 2017-இல் உத்தரவிட்டது. பாடநூலில் ஒரு பாடம் சேர்ந்துவிட்டால் கடமை முடிந்தது என்று அரசுகள் கருதினால், அந்த உத்தரவின் நோக்கம் நிறைவேறாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பழகுநர் காலத்தில் ஓட்டிய நேரத்தைப் பதிவு செய்யும் ஏடு கட்டாயமாக்கப்பட வேண்டும். அதில் இரவும் மழையும் நெடுஞ்சாலையும் இடம்பெற வேண்டும். முதல் ஓராண்டு, இரவுப் பயணத்துக்கும் உடன் செல்வோர் எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கும் எட்டும் கட்டணத்தில் பயிற்சி கிடைக்க, தொழிற்பயிற்சி நிலையங்களையும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் வளாகங்களையும் பயன்படுத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கும் டியூஷனுக்கும் செல்ல நம்பகமான பேருந்து இருந்தால், 16 வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்க எந்தப் பெற்றோரும் கட்டாயப்படுத்தப்பட மாட்டார்கள்.

ஓட்டுநர் உரிமம் என்பது, இவர் கையில் ஒரு டன் எடையுள்ள இயந்திரத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்று சாலையில் நடந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் அரசு அளிக்கும் உறுதிமொழி. கற்பிக்காமல் உரிமம் வழங்கும் அரசு, கற்காமல் ஓட்டியவரை மட்டும் தண்டித்துவிட்டு அந்த உறுதிமொழியிலிருந்து விலகிக்கொள்ள முடியாது.